முந்நூற்று எழுபத்தெட்டாம் இதழ்

அந்த இதழை நான்தான் பஸ்ஸில் தொலைத்தேன் என்பது எங்கள் குடும்பத்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த செய்தி. ஆனால் சார், உங்களிடம் ஒளிப்பானேன், அந்தச் செய்தியை நான் பல வருஷமாகச் சந்தேகப்பட்டு வருகிறேன். தொலைத்ததாகச் சொல்லப்படுகிறவனும் நான், சந்தேகப்படுகிறவனும் நான். இந்த இரண்டு பேரும் முப்பத்து நான்கு வருஷமாக ஒரே சட்டைக்குள் இருக்கிறார்கள்.

அதனால் உங்கள் பதிவேட்டில் 378 என்ற எண்ணுக்கு எதிரே இப்போதைக்கு எதுவும் எழுதாதீர்கள். ‘தொலைந்தது’ என்று எழுதினால் அது என் மேல் விழும். ‘எழுதப்படவில்லை’ என்று எழுதினால் அத்தை மேல் விழும். உங்கள் நூலகத்துக்கு அது ஒரு வார்த்தை. எனக்கு அப்படியில்லை. பேனாவை மூடிவிட்டுக் காப்பியைக் குடியுங்கள், சொல்கிறேன்.

மொத்தம் அறுநூற்று இருபத்து நான்கு இதழ். பீரோவில் இருப்பது அறுநூற்று இருபத்து மூன்று. நீங்கள் ஒரு தடவை எண்ணினீர்கள், நான் நேற்றே இரண்டு தடவை எண்ணிவிட்டேன். நில அளவைத் துறையில் வேலை பார்க்கிறேன் அல்லவா, ஒரு தடவை அளந்ததை நம்புகிற பழக்கம் கிடையாது. என் வீட்டுக்காரி செண்பகம் உள்ளே சிரிக்கிறாள், கேட்கிறதா? சிரிக்கட்டும்.

உலகம்மாள் அத்தை என் அப்பாவுக்கு அக்கா. கூடப் பிறந்த ஐந்து பேரில் மூத்தவள். எட்டாம் வகுப்பு வரை படிப்பு. பதினேழு வயதில் அம்பாசமுத்திரத்தில் வாழ்க்கைப்பட்டாள். தம்பி தங்கைகள் வளர்ந்து தென்காசி, கோவில்பட்டி, தூத்துக்குடி, பாளையங்கோட்டை என்று ஆளுக்கொரு ஊராகப் போனார்கள். அவர்களிடமிருந்து மாதம் ஒரு கார்டு வரும். ‘இங்கு அனைவரும் நலம். அங்கு அனைவரும் நலமா? வேறு விசேஷம் இல்லை.’ இந்தக் கடைசி வரிதான் அத்தைக்குப் பிடிக்காமல் போய்விட்டது. நாலு பிள்ளை ஓடி விளையாடுகிற வீட்டில் ஒரு மாதம் முழுக்க விசேஷமே இல்லையாக்கும் என்று மாமாவிடம் சண்டை பிடித்திருக்கிறாள். மாமா பாவம், அந்தக் கார்டை எழுதியவர் அவர் இல்லை.

1959 தை மாதம் முதல் இதழ். பெயர் ‘அடுத்த வீடு’. கையெழுத்துப் பத்திரிகை, மாதத்துக்கு ஒரே ஒரு பிரதி. மாமா வேலை பார்த்த கூட்டுறவுப் பண்டகசாலையில் ஒருபக்கம் எழுதிக் கழித்த தாள்கள் கிடைக்கும். அதன் மறுபக்கத்தில் அத்தை எழுதுவாள், படம் போடுவாள், தைப்பாள். அதை ஒரு மஞ்சள் பைக்குள் வைத்துப் பையின் வாயையும் வெள்ளை நூலால் தைத்துவிடுவாள், வழியில் யாரும் எடுத்துப் படிக்கக் கூடாது என்று. முதலில் தென்காசிக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு. அங்கே ஐந்து நாள். கடைசியில் விட்டிருக்கிற வெற்றுத் தாளில் எங்கள் வீட்டுச் சேதிகளை எழுதி, மறுபடி பையைத் தைத்துக் கோவில்பட்டிக்கு அனுப்ப வேண்டும். ஒரு வீட்டுக்கு நாலு பக்கம்தான். அதற்கு மேல் எழுதினால் ஆசிரியர் கத்தரித்துவிடுவார். ஆசிரியர் என்றால் அத்தைதான்.

அந்த 1966 தீபாவளி மலரை எடுத்துப் பாருங்கள். அட்டையில் இருக்கிற பழுப்பு, பீட்ரூட் சாறு. அப்போது நல்ல சிவப்பாம். வானத்துக்குத் துணிக்குப் போடுகிற நீலம், வயலுக்கு மஞ்சள் பொடியும் நீலமும் கலந்தது. கடைசிப் பக்கத்தில் விளம்பரம் இருக்கும். ‘தென்காசித் தம்பி வீட்டில் எருமைத் தயிர் மிஞ்சுகிறது. போகிறவர்கள் பாத்திரம் கொண்டு போகவும்.’ அடுத்த வாரமே மூன்று பேர் பாத்திரத்தோடு வந்து நின்றார்களாம். அம்மா ஒரு மாதம் அத்தையோடு பேசவில்லையாம். கேள்வி பதில் பகுதியில், ‘அம்பாசமுத்திரம் மாமாவுக்குக் கோபமே வராதா?’ என்று பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கேள்வி. ‘கிளம்பும். வந்து சேர்வதற்குள் தூங்கிவிடுவார்’ என்று ஆசிரியர் பதில்.

மாமா தொண்ணூற்றெட்டாம் வருஷம் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அத்தை ‘மாமா மலர்’ என்று ஒன்று கொண்டுவந்தாள். அழுகிற கட்டுரை ஒன்றுகூடக் கிடையாது. அவர் குடையை மறந்துவிட்டு வந்த இடங்களின் பட்டியல் மட்டும் மூன்று பக்கம். படித்துச் சிரித்துவிட்டு, அப்புறம்தான் அழுதோம்.

என் கல்யாணமும் இதில் வந்த விளம்பரம்தான். ‘நல்ல பையன். ஊர் நிலத்தையெல்லாம் சரியாக அளப்பான். தன்னை அளக்கும்போது மட்டும் டேப்பைக் குறைத்துப் பிடிப்பான். பெண் வீட்டார் கவனிக்கவும்.’ அதைப் படித்துவிட்டுச் சிரித்ததால்தான் சம்மதித்தேன் என்று செண்பகம் சொல்கிறாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

சரி, 378க்கு வருகிறேன்.

எண்பத்தேழாம் வருஷம் அத்தை ஒரு தொடர்கதை தொடங்கினாள். ‘பன்னிரண்டாம் வருஷம்’ என்று பெயர். தூத்துக்குடியில் சௌந்தரம் என்று ஒருத்தி. புருஷன் கொழும்புக்குப் போனவன் பன்னிரண்டு வருஷமாகத் தகவல் இல்லை. ஒரு நாள் ஒருவன் வந்து வாசலில் நின்று, நான்தான் வந்திருக்கிறேன் என்கிறான். முகம் அதே முகம்தான். மாமியார் பார்த்ததும் மகனே என்று அழுகிறாள். ஆனால் சௌந்தரத்துக்கு மட்டும் நிச்சயமில்லை. மூன்று வருஷம், முப்பத்தாறு அத்தியாயம். அவன் அவள் தெருவிலேயே ஒரு வீடு பிடித்துத் தங்குகிறான், தினம் வந்து வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிறான். முப்பத்தாறாம் அத்தியாயம் எப்படி முடிகிறது தெரியுமா? அவள் உள்ளே தாழ்ப்பாளில் கையை வைத்திருக்கிறாள். ‘அடுத்த இதழில் முடியும்’ என்று போட்டுவிட்டாள் அத்தை.

அந்த ஒரு மாதம் எங்கள் குடும்பம் குடும்பமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை டிவி வந்து ஊரையே கட்டிப் போட்டிருந்த காலம் அது. எங்கள் ஐந்து வீட்டில் மட்டும் பேச்சு முழுக்க சௌந்தரம்தான். கோவில்பட்டி சித்தப்பா திறக்க வேண்டும் என்ற கட்சி. தூத்துக்குடி சின்ன அத்தை திறக்கக் கூடாது என்ற கட்சி. ஆனி மாதம் ஒரு கல்யாணத்தில் இரண்டு கட்சியும் தனித்தனிப் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

“பன்னெண்டு வருஷம் காத்துக் கிடந்தவ திறக்காம இருப்பாளா?” என்று சித்தப்பா இந்தப் பந்தியிலிருந்து கேட்டார்.

“வந்தவன் யாருன்னே தெரியல. திறந்துட்டு அப்புறமா யோசிக்கவா?” என்று அந்தப் பந்தியிலிருந்து சின்ன அத்தை. இடையில் பரிமாறுகிறவன் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தான்.

இதைப் பார்த்த அத்தை அப்பாவிடம் சொன்னாள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: “எதை எழுதினாலும் ரெண்டு வீட்டுக்காரங்க என் வாசப்படி மிதிக்க மாட்டாங்க போலிருக்கே தம்பி.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கதை எழுதுகிறவர்களுக்கு அப்படியெல்லாம் ஒரு பெருமை இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வழக்கமாகப் பையை மாமாதான் கொண்டுவருவார். அந்த மாதம் அவருக்குக் கால் சுளுக்கு. எனக்கு இருபத்தொரு வயது, படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். நான் போனேன். நான் போய்ச் சேரும்போது அத்தை பையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பை, மஞ்சள் பையில் சிவப்பு எழுத்தில் மணமக்கள் பெயர். நான் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். பார்க்கக் கூடாது என்பது சட்டம்.

“மேல தட்டுல வச்சிராத டே. மடியிலயே வச்சுக்கோ” என்றாள்.

நான் மேலே தட்டில்தான் வைத்தேன். அதுதான் சார், என்னை இன்றுவரை அரிக்கிறது. ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், அவர் மடியில் பேரன், இடம் இல்லை, வைத்துவிட்டேன். தட்டில் இன்னும் மூன்று மஞ்சள் பை இருந்தது. அதே கல்யாணம், அதே சிவப்பு எழுத்து. அம்பாசமுத்திரத்தில் அந்த வாரம் அந்தப் பை இல்லாத ஆள் கிடையாது. ஆழ்வார்குறிச்சி தாண்டியதும் தூங்கிவிட்டேன். கடையத்தில் நாலு பேர் இறங்கினார்கள். தென்காசியில் விழித்து, இருந்த பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வீட்டில் அப்பா சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு ஆட்கள்கூட வந்திருந்தார்கள், அப்பா வாசிக்கக் கேட்டுப் பழகியவர்கள். பையைத் திறந்தால் உள்ளே பழைய செய்தித்தாளில் பொதிந்து ஒரு கிலோ கூழ் வடகம்.

அப்பா பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செய்தித்தாளைக்கூட விரித்து இரண்டு பக்கமும் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

இங்கேதான் சந்தேகம். வடகம் இருந்த பையின் வாய் தைத்திருந்ததா, இல்லையா? தைத்திருந்தால் அது அத்தை கொடுத்த பை. தைக்காமல் இருந்தால் அது யாரோ கடையத்துக்காரருடைய பை, நம்முடையது அவர் வீட்டில். இவ்வளவுதான் விஷயம். முதல் வாரம் அப்பா, தைத்திருந்தது என்றார். இரண்டாம் வாரம், ஞாபகம் இல்லை என்றார். நான் கத்தரிக்கோலைத் தேடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் மாதாமாதம் கத்தரிக்கோல் தேடுகிற வீடு அது. எந்த மாதத்துக் கத்தரிக்கோல் என்று எப்படிச் சொல்வது?

அம்மா மறுநாள் அந்த வடகத்தைப் பொரித்தாள். ஒன்றைக் கடித்துவிட்டு, “இது மதினி கை வடகம் மாதிரில்லா இருக்கு” என்றாள். அத்தையைத்தான் அம்மா மதினி என்பாள். எந்த வடகம் நன்றாக இருந்தாலும் அம்மாவுக்கு அது மதினி கை வடகம்தான். நான் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குச் சாதகமான சாட்சியை நானே எடுத்துக்கொள்வது முறையில்லை அல்லவா?

நான்காம் நாள் அத்தையே வந்துவிட்டாள். நான் காலில் விழாத குறை. அவள் முதுகில் தட்டி, போனது போகட்டும் என்றாள். அது ஏதோ ஒரு வீட்டில் நன்றாக இருக்கும், அவர்களும் படிக்கட்டும் என்றாள். மறுபடி எழுதுங்கள் அக்கா என்று அப்பா கெஞ்சினார்.

“ஒரு தடவ வந்தது மறு தடவ வராது தம்பி. வேணுமின்னா நீங்க எழுதுங்க. வீட்டுக்கு ஒரு முடிவு. எது நல்லா இருக்கோ அதையும் போடுவேன், எது நல்லா இல்லையோ அதையும் போடுவேன்.”

அதற்கப்புறம் எங்கள் குடும்பத்துக்கு வந்த கிறுக்கை என்னவென்று சொல்ல? லீவு லெட்டரைத் தவிர வேறொன்றும் எழுதியறியாத கோவில்பட்டி சித்தப்பா நாற்பது பக்கம் எழுதினார். நாலு பக்கச் சட்டம் அவருக்காக ஒரு முறை தளர்த்தப்பட்டது. அதில் சௌந்தரம் கதவைத் திறக்கிறாள், வந்தவன் உண்மையான புருஷன், அவன் கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலை வைக்கிறான். தூத்துக்குடி சின்ன அத்தையின் முடிவில் சௌந்தரம் கொல்லை வழியாகப் போய்க் கப்பலேறிக் கொழும்புக்கே போய், அவனைப் பற்றி விசாரிக்கிறாள். அப்பா முடிவில் கதவு கரையான் அரித்து அதுவாகவே விழுகிறது. அத்தை அதை வாசித்துவிட்டுச் சிரித்ததில் பல்செட்டு கழன்றுவிட்டது. பாளையங்கோட்டையில் அதை நாடகமாகவே எழுதினார்கள். அப்புறம் பிள்ளைகள் எழுத ஆரம்பித்தார்கள். சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் ஒருவர் முடிவை ஒருவர் படித்துத் திருத்தம் சொல்லிச் சமாதானமாகிவிட்டார்கள். ‘அடுத்த வீடு’ அதற்குப் பிறகு இருபது வருஷம் ஓடியது. அந்த இருபது வருஷத்து இதழ்கள்தான் தடிமனாக இருக்கின்றன, கவனித்தீர்களா? அதற்கு முன்னால் முக்கால்வாசி அத்தை எழுதியது, பிறகு முக்கால்வாசி மற்றவர்கள் எழுதியது.

நான் மட்டும் எழுதவில்லை. எப்படி எழுத முடியும், சொல்லுங்கள்? முடிவைத் தொலைத்தவன் முடிவு எழுதுவதா? எல்லாரும் கைகொட்டிச் சிரிக்க மாட்டார்களா? அறுநூற்று இருபத்து மூன்று இதழிலும் தேடிப் பாருங்கள், குற்றாலிங்கம் என்ற பெயரில் ஒரு வரி கிடையாது. சேதி எழுதுகிற பக்கத்தில்கூட எங்கள் வீட்டுச் சேதியைச் செண்பகம்தான் எழுதுவாள்.

அத்தையும் என்னை விடவில்லை. எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுவாள், நம்ம குத்தாலம் இருக்கானே என்று. ஒரு கல்யாணத்தில் நான் பையைப் பஸ்ஸில் விட்டேன். இன்னொன்றில் கடையம் சந்தையில் அதை ஆடு தின்றது. எங்கள் பெரியவன் கல்யாணத்தில், பாலத்தின் மேல் பஸ் போகும்போது பை தாமிரபரணியில் விழுந்து, மீனெல்லாம் கதை படித்தது. நான் வந்த வழியில் தாமிரபரணிப் பாலமே கிடையாது, சார். அளவைக்காரன் எனக்குத் தெரியாதா? சிரிப்பு ஓய்ந்ததும் என் பக்கம் திரும்பி, “உன் முடிவு எங்க டே?” என்பாள். வருஷத்துக்கு நாலு தடவை. எத்தனை பேர் முன்னால். நான் தலையைக் குனிந்துகொண்டு இலையைப் பார்ப்பேன். தொலைத்ததைக் குத்திக் காட்டுகிறாள் என்று. அத்தை நல்லவள்தான், ஆனால் மனிதர்களுக்கு ஒரு குறை இருக்கும் அல்லவா, அவளுக்கு இது என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

நான் சும்மாவும் இருக்கவில்லை. கடையத்துக்கு அளவைக்குப் போனபோதெல்லாம் விசாரித்திருக்கிறேன். அந்த மார்க்கத்துப் பஸ்ஸில் ஏறி மேல்தட்டை டேப் வைத்து அளந்திருக்கிறேன். பதினான்கு அங்குலம். நாலு பை தாராளமாக நிற்கும், ஒன்றின் மேல் ஒன்று விழாது. கண்டக்டர் என்னவென்று கேட்டார். அரசாங்க வேலை என்று சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அது ஒன்று. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, கடைசியில் இரண்டு பத்தி போட்டேன்: நான் தொலைத்திருக்க முகாந்திரம், அத்தை எழுதாமலே இருந்திருக்க முகாந்திரம். இரண்டும் பதினொன்று பதினொன்று என்று நின்றது. செண்பகம் அதைப் பார்த்துவிட்டு, நேரே போய் அத்தையிடமே கேட்டால் என்ன என்றாள். பெரியவளைப் பார்த்து நீங்கள் பொய் சொன்னீர்களா என்று எப்படிக் கேட்பது? முப்பத்து நான்கு வருஷம் அதிலேயே போய்விட்டது.

அத்தை 2010 டிசம்பரோடு பத்திரிகையை நிறுத்தினாள். கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. உடனே செல்போனில் பேசி அனுப்பத் தொடங்கிவிட்டாள், ‘பேசும் அடுத்த வீடு’ என்று. பேத்தி ஒருத்தி பதிவு செய்து எல்லாருக்கும் அனுப்புவாள். அதிலும் எருமைத் தயிர் மாதிரி விளம்பரமெல்லாம் உண்டு. தொண்ணூற்றிரண்டு வயது வரை நினைவு பிசகவில்லை.

போன மாட்டுப் பொங்கலன்று காலையில் போனேன். கேள்வியைத் தடுமாறாமல் கேட்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ‘அத்தை, முந்நூற்று எழுபத்தெட்டாம் இதழை நீங்கள் எழுதி முடித்தீர்களா?’ மரியாதையாகத்தான் இருக்கிறது, இல்லையா? மூன்று தடவை மாற்றி எழுதியது.

ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து கரும்பைச் சின்னத் துண்டாக நறுக்கச் சொல்லிச் சப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “என்ன டே, மூஞ்சிய இப்படி வச்சிருக்க? எவனும் நிலத்தத் தூக்கிட்டு ஓடிட்டானா?” என்றாள்.

செண்பகத்தைக் கண்ணால் உள்ளே போகச் சொன்னேன். போனாள், கதவுக்குப் பின்னால் நின்றாள்.

“அத்தை, தொண்ணூறாம் வருஷம், ஆனி மாசம், அந்தப் பஸ்ஸில…”

“பஸ்ஸ விடு” என்றாள். கரும்புச் சக்கையைத் தட்டில் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தாள். “நாலு வீட்டு முடிவும் வந்தாச்சு. பிள்ளைக முடிவு பதினெட்டு வந்தாச்சு. உன் முடிவு எங்க டே?”

எப்போதும்போலக் குனிந்திருப்பேன். அன்றைக்குப் பார்க்க இலை இல்லை. அதனால் அவள் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை, சார். அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரியும், அவள் கேலியை எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்தவன் நான். தபால்காரன் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களின் முகம் அது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கையை நீட்டக்கூட நீட்டிவிட்டாள், நான் ஏதோ சட்டைப்பையில் கொண்டுவந்திருப்பது தெரிந்தது போல.

சீட்டைத் தொட்டேன். எடுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்டேன். இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

“எத்தனை பக்கம் வரைக்கும் எழுதலாம், அத்தை?”